கொச்சிக்காய்க்குச் சுகமில்லை

சாலிஹின் மிளகாய்ச் செடி, அவர்களுடைய பேச்சில் கொச்சிக்காய்க் கண்டு, நல்ல சுகமாக நின்றது. அவருக்குக் கரைச்சலே அதுதான்.

சுபஹு தொழுதுவிட்டு வந்தால் முதல் வேலையாக அதன் முன்னால் குந்துவார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்ப்பார். எங்கேயாவது ஒரு மஞ்சள், ஒரு புள்ளி, ஒரு சுருக்கம்? மருந்துக்கும் இல்லை. கலியாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று நின்றது, நாசமாய்ப் போன கண்டு.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தோஹாவிலிருந்து பெண்சாதி முனவ்வறா போன் எடுத்தாள்.

“கண்டு எப்படி இரிக்கி?”

“நல்லம்.”

“இலை?”

“நல்லம்.”

“பூ வெச்சிரிக்கா?”

“வெச்சிரிக்கி.”

அந்தப் பக்கம் ஏசி இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

“வேறென்ன?” என்றாள்.

“வேறென்ன, ஒண்டுமில்ல.”

“அப்ப வைக்கட்டா?”

“சரி.”

ஒரு நிமிடம் நாற்பது செக்கன். போனின் வெளிச்சம் தானாக அணையும் வரைக்கும் சாலிஹ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மகள் ஸம்றாவின் பிள்ளைப்பேற்றுக்கென்று மூன்று மாதத்துக்குப் போனவள் முனவ்வறா. நாற்பது நாள் கழிந்ததும் வருவதாக இருந்தது. நாற்பது கழிந்தபோது மகள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தையை ஆரிடம் விடுவது? பல்லு முளைக்கட்டும் என்றார்கள். முளைத்தது. நடக்கட்டும் என்றார்கள். நடந்தும் விட்டது. அவள் போய் இப்போது பதினாலாம் மாதம். பிள்ளை ஓடவும் தொடங்கிவிட்டது, ஓடுகிற பிள்ளையை எப்படி விட்டுவிட்டு வருவது என்கிறார்கள்.

இந்தக் கிழக்குக் கரையில் ஆம்பிளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குத்தான் போய்ச் சேருவான். சாலிஹும் முப்பத்துநாலு வருடத்துக்கு முன்னால் நிந்தவூரிலிருந்து ஒரு சூட்கேசோடு கல்முனைக்கு வந்தவர்தான். வீடு முனவ்வறாவுடையது. இடப்பக்கம் அவளுடைய தங்கச்சி, வலப்பக்கம் மாமி மகள், பின்னால் பெரியம்மா மகள், ஒழுங்கை முழுக்க அவளுடைய ஆக்கள். அவள் இருந்த காலத்தில் அந்த வீட்டில் ஒரு கதிரை சும்மா கிடந்தது கிடையாது. அவள் போன மறுநாளே எல்லாம் நின்றுவிட்டது. ஆம்பிளை தனியாக இருக்கிற வீட்டுக்குள் பொம்பிளைகள் எப்படி வருவது? ஆம்பிளைகளோ, தங்கள் பொம்பிளைகள் போகாத வீட்டுக்குத் தாங்கள் போய் என்னத்தைச் செய்வது என்று இருந்துவிட்டார்கள்.

பகல் சோறு மட்டும் தவறாமல் வரும். முனவ்வறாவின் தங்கச்சி றபீக்கா மூடின கோப்பையை இடப்பக்க மதிலின் மேல் வைப்பாள். கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். சாலிஹ் எழும்பிப் போவதற்குள் அவளுடைய செருப்புச் சத்தம் குசினிக்குள் போய்விடும். பத்து வீட்டுச் சொந்தத்துக்கு நடுவில் ஒரு மனிதன் இப்படித் தனித்துப் போகலாம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

அவர் கதைகாரரும் இல்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் கதைப்பாள், இவர் ‘ம்’ கொட்டுவார். ஒரு குடும்பத்துக்கு அது தாராளமாகப் போதுமாயிருந்தது. போனில் அது சரிவரவில்லை. ‘ம்’ கொட்டினால், “லைன் போயிட்டா?” என்று கேட்கிறாள்.

கொச்சிக்காய்க் கண்டு வந்ததும் அவளுடைய ஏற்பாடுதான். அவர்களுடைய வளவு முழுக்கக் கடல் மணல். தென்னையும் வேம்பும் தவிர ஒன்றும் நின்று பிடிக்காது. “சும்மா முகட்டப் பாத்துக்கிட்டு இரிக்காம ஒரு கண்டையாவது வளருங்க, மண்ணில்லாம தண்ணியிலயே வளருதாம்” என்று தோஹாவிலிருந்தே பாண்டிருப்பில் விவசாயக் கடை வைத்திருக்கிற சுஜிந்தனோடு கதைத்து முடித்துவிட்டாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் சுஜிந்தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். மூத்தவர் என்ற மரியாதையில் அவரைக் ‘காக்கா’ என்பான். ஒலுவில் துறையில் மீன் ஏற்றுகிற, தெர்மோகோல் மாதிரி லேசான வெள்ளை றிஜிபோம் பெட்டி ஒன்று, மூடியில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் சல்லடை மாதிரி ஒரு சின்னக் கோப்பை, அதில் தேங்காய்த் தும்புச் சோற்றுக்கு நடுவில் நாலு இலையோடு ஒரு கொச்சிக்காய் நாற்று.

“காக்கா, பெட்டிக்கு அரைவாசிக்கு மேல தண்ணி விடப்படாது. வேருக்கு மூச்சு வேணும். மூடியத் திறக்கப்படாது, வெளிச்சம் பட்டாப் பாசி பிடிக்கும். இந்தப் பக்கட்டுல பசளை இருக்கு, கிழமைக்கு ஒரு கரண்டி. கூடப் போட்டாக் கருகிரும்.”

“தம்பி, நான் நீர்ப்பாசனக் கந்தோரில முப்பத்தொரு வருசம் வேல செஞ்ச ஆள். எத்தின ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணி குடுத்திரிப்பன்.”

“அது வயல் காக்கா. இது பெட்டி” என்றான் சுஜிந்தன்.

அவன் சொன்னபடியே எல்லாம் செய்தார். ஒரு மாதம் போக, அடியில் ஒரு இலை மஞ்சளாயிற்று. வழக்கமான போனில் அதைச் சொன்னார், பாருங்கள், அன்றைக்கு முனவ்வறா ஐந்து தரம் எடுத்தாள்.

“இலையக் காட்டுங்க. இந்தப் பக்கம். வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க. இஞ்சேருங்க, அந்த ஜன்னல் சீலைய எப்ப கழுவின? அதென்ன மேசைக்கு மேல மூணு தேத்தண்ணிக் கோப்ப? மூணு பேரா இரிக்கீங்க அங்க?”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஐந்தாவது தரம் மட்டும் நாற்பத்தேழு நிமிடம் கதைத்தார்கள். அன்றைக்கு அவர் றபீக்காவின் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

ஆனால் மனிசனுக்குப் பயமும் பிடித்துவிட்டது. கண்டு செத்துவிட்டால்? ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகப் போடத் தொடங்கினார். பத்தே நாளில் கண்டு கரும்பச்சையாகத் தழைத்து எழும்பியது. பசளை முன்கூட்டியே முடிந்து, வாங்கப் போனபோது சுஜிந்தன் திகைத்தான்.

“ரெண்டு கரண்டியா போட்டீங்க? கருகல்லியா?”

“கருகவா? நல்லா வந்திரிக்கி தம்பி. கைராசி.”

சுஜிந்தன் தலையைச் சொறிந்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான், பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு பக்கட்டை நீட்டினான்.

கைராசிதான் வினையாயிற்று. கண்டு நல்லாயிருக்கிறது என்றதும் போன் சுருங்கிக்கொண்டே வந்து, இதோ, ஒரு நிமிடம் நாற்பது செக்கனில் நின்றது.

தானே எடுக்கலாம்தான். எடுத்து என்னத்தைச் சொல்வது? மதில் மேல் சோறு வந்தது, தின்றேன் என்றா? நீ இல்லாத வீட்டில் இருக்க ஏலாமல் இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும். முப்பத்துநாலு வருடம் சொல்லிப் பழகாத வாய்க்கு அது வரவில்லை.

அந்தப் பின்னேரம் வெளிச்சம் அணைந்த போனோடு குந்தியிருந்தபோதுதான் அவருக்குக் கந்தோர் ஞாபகம் வந்தது. வாய்க்கால் நிரம்பத் தண்ணீர் ஓடுகிற காலத்தில் ஒரு விவசாயியும் கந்தோர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். மதகுக் கதவை ஒரு சாண் இறக்கித் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் போதும், காலை எட்டு மணிக்கே வாழைக்குலையோடு வந்து கந்தோர் வாங்குப் பலகையில் இருப்பான். வயற் கதை, வீட்டுக் கதை, மகளின் கலியாணக் கதை எல்லாம் கதைத்துவிட்டுத்தான் எழும்புவான்.

“தண்ணி குறைஞ்சாத்தான் ஆக்கள் வருவாங்க” என்று சாலிஹ் கண்டைப் பார்த்துச் சொன்னார். அன்றோடு பசளை நின்றது.

சுகமில்லை என்று வாயால் ஒரு பொய் சொன்னால் வேலை லேசு. ஐந்து நேரமும் தொழுகிற மனிசனுக்குப் பொய் வருமா? கண்டை நோயாக்கிவிட்டால் சொல்வது உண்மையாகிவிடுமே என்று கணக்குப் பார்த்தார். இது என்ன மார்க்கச் சட்டம் என்று கேட்டுவிடாதீர்கள், அவரும் ஆரிடமும் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் அடியிலை மஞ்சளாயிற்று. “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். சொன்ன பிறகு கூச்சமாக இருந்தது.

“மஞ்சளாயிட்டா?” என்றாள் முனவ்வறா. அவளுடைய குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது போல அவருக்குப் பட்டது. “கிட்டக் காட்டுங்க. இன்னம் கிட்ட. இல்ல, இலைய இல்ல, உங்கட முகத்த. ஏன் இப்படி மெலிஞ்சிரிக்கீங்க?”

“மெலியல்ல. போன் அப்படிக் காட்டுது.”

“போன் பொய் சொல்லாது. பசளை கிழமைக்கு ஒரு கரண்டிதானே போடுறீங்க? கூடப் போட்டிராதீங்க.”

“கூடப் போடல்ல” என்றார். அதுவும் உண்மைதான்.

அந்தக் கிழமை முழுக்கப் பெருநாள் மாதிரி இருந்தது. ஒரு இலையைப் பற்றி முக்கால் மணித்தியாலம் கதைக்கத் தனக்கு வரும் என்று சாலிஹுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவளும் கதைத்தாள். மகளும் மருமகனும் காலையில் போனால் பொழுதுபடத்தான் வருவார்களாம். பிள்ளை உறங்கிவிட்டால் வீட்டில் ஏசிச் சத்தம் மட்டும்தானாம். “ஜன்னலுக்கு வெளியால பாத்தா ஒரு காகம் கூட இல்ல, ஸம்றாட வாப்பா” என்றாள்.

அவள் அதோடு நின்றிருந்தால் எவ்வளவோ நல்லம். கண்டுக்குச் சுகமில்லை என்று தங்கச்சிக்கும் எடுத்துச் சொல்லிவிட்டாள்.

றபீக்காவுக்குத் தெரிந்த கொச்சிக்காய் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: மீன் கழுவின தண்ணீர். உள்ளே வந்து பார்க்க முறையில்லை. பெட்டியோ மதிலோரம்தான் இருக்கிறது. மச்சான் லுஹர்த் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து, மதிலுக்கு மேலால் ஒரு சட்டி கழுவின தண்ணீரைக் கண்டின் தலையில் கவிழ்த்தாள். மறுநாளும் கவிழ்த்தாள். கீரிமீன் மலிந்திருந்த காலம், மூன்றாம் நாளும் கவிழ்த்தாள்.

நாலாம் நாள் சாலிஹ் பள்ளியால் வந்தபோது பெட்டியைச் சுற்றி ஏழு பூனைகள் குந்தியிருந்தன. நாற்றம் ஒழுங்கைச் சந்தி வரைக்கும் வந்து அவரை வரவேற்றது.

“றபீக்கா” என்று மதிலைப் பார்த்துக் கூப்பிட்டார். “என்ன புள்ள இது?”

“கண்டு தேறும் மச்சான்” என்று மதில் பதில் சொன்னது. “ராத்தாதான் ஒரே அழுக, ‘என்ட கண்டு, என்ட கண்டு’ எண்டு.”

“ராத்தா அழுதாவா?” அக்காவைத்தான் றபீக்கா ராத்தா என்பாள்.

“அழாம? நீங்கதான் ஒண்டையும் விளங்கமாட்டீங்களே.”

கண்டுக்காக அழுகிறாள். தனக்காகவும் ஒரு சொட்டு அழுதிருப்பாளா என்று யோசித்து, பிறகு வயசுக்கு ஒத்துவராத யோசனை என்று விட்டுவிட்டார். நாற்றம் போகட்டும் என்று பெட்டியின் மூடியைக் கண்டோடு ஒரு பக்கமாக நகர்த்தி, மற்றப் பக்கத்தைத் திறந்துவிட்டார்.

சுஜிந்தன் திறக்கப்படாது என்று சொன்ன மூடி அது. ஒரு கிழமையில் நாற்றம் போயிற்று, நுளம்பு வந்தது. அடுத்த கிழமை டெங்கு பார்க்கிற ஆக்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். சிரட்டை, டயர், பூச்சட்டி எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் பெட்டிக்குள் டோர்ச் அடித்ததும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“இதென்ன, நுளம்பு வளர்க்கிறீங்களா?”

“கொச்சிக்கா வளக்கிறன்.”

“மண்ணக் காணல்லியே.”

“மண்ணில்லாம வளருது.”

“நுளம்பும் மண்ணில்லாமத்தான் வளரும். வழக்குப் போடவா, கொட்டுறீங்களா?”

கொட்டினால் கண்டு போய்விடும். கண்டு போனால் போனும் போய்விடும். சாலிஹ் வாழ்க்கையில் முதல் தரமாக அன்னியர்கள் இரண்டு பேருக்கு முன்னால் நீளமாகக் கதைத்தார். பெண்சாதி வெளிநாட்டில், ஆசையாகக் கேட்டு வாங்கித் தந்த கண்டு, வீட்டில் வேறு ஒரு உயிரும் இல்லை என்றெல்லாம் சொன்னார். வந்தவர்களில் மூத்தவருக்கு மனம் இளகிவிட்டது. பையில் இருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்து, அதிலிருந்த ஆறு கப்பி மீன்களைப் பெட்டிக்குள் விட்டார்.

“இதுகள் நுளம்புட குடம்பிப் புழுவத் தின்னும். மூடியையும் போடுங்க” என்றார்.

கப்பிகள் குடம்பியைத் தின்றன. தின்ற ஜீவன் சும்மா இருக்குமா, தண்ணீருக்குள்ளேயே எருவும் போட்டன. ஆறு இருபதாயிற்று. றபீக்காவின் மீன் தண்ணீரும் கப்பிகளின் எருவும் சேர, கண்டு ஒரு வெறி பிடித்தது போல வளர்ந்தது. மதிலுக்கு மேலால் தலையைத் தூக்கிப் பார்த்தது. பூவெல்லாம் பிஞ்சாகி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாலிஹ் எண்ணிப் பார்த்தால் முப்பத்தாறு காய். சோற்றுக் கோப்பையை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வெட்கமும் போயிற்று. கோப்பைக்குள் காயைப் போட்டு மதில் மேல் வைத்தார்.

“நல்ல உறைப்பு மச்சான்” என்றது மதில்.

போனில் மட்டும் உறைப்பில்லை.

“கண்டு எப்படி?”

“நல்லம்.”

“உண்மையா? ஒரு இலை கூட மஞ்சளாகல்லியா?”

“இல்ல.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தன்.”

“ம்” என்றாள் முனவ்வறா. வாழ்க்கையில் முதல் தரமாக அவள் ‘ம்’ கொட்டினாள். இவருக்கு லைன் போய்விட்டதோ என்று இருந்தது. ஒரு நிமிடம் பத்துச் செக்கன். மறுநாள் எடுக்கவே இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு சாலிஹ் ஒரு வெறும் சோடாப் போத்தலோடு கடற்கரைக்கு நடந்தார். சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கிப் போத்தலை நிரப்பினார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்னத்துக்குக் காக்கா, மருந்துக்கா?”

“ஓம்.”

“கால் வருத்தமா?”

“கொஞ்சம் மேல” என்றார் சாலிஹ்.

பெட்டிக்குள் ஒரு கோப்பை கடல் தண்ணீர் விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் இரண்டு கோப்பை விட்டார். கப்பிகளுக்குக் கொண்டாட்டம், கண்டு அப்படியே நின்றது. அதற்கு மறுநாள் பொறுமை கெட்டு மிச்சப் போத்தலையும் கவிழ்த்தார். ஒரு மஞ்சள் இலைதான் அவர் கேட்டது. ஒரே ஒரு இலை.

விடிந்து பார்த்தால் கண்டு முழுவதும் தொங்கிப்போய்க் கிடந்தது. இலைகள் நனைந்த சீலை மாதிரி விழுந்திருந்தன. காய்கள் ஒவ்வொன்றாக மணலில் உதிர்ந்திருந்தன. சாலிஹ் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். வேளைக்குத் தண்ணீர் கொடுத்து எத்தனை வயலைக் காப்பாற்றிய கை, கடைசியில் தன் சொந்தக் கண்டுக்கு நஞ்சு வைத்துவிட்டது. இனி அவள் எதைக் கேட்க எடுப்பாள்?

அவராகவே எடுத்தார். அவள் போன பிறகு முதல் தரமாக அவராக எடுத்த போன் அது. முதல் மணி அடித்து முடிய முன்னமே முனவ்வறா தூக்கிவிட்டாள்.

“என்ன? உங்களுக்கு என்ன?”

அவர் போனைக் கண்டுக்கு நேரே திருப்பினார். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

“எல்லாம் என்னாலதான்” என்றாள். “நான் செஞ்ச வேலதான் இது.”

தன்னை விட்டுவிட்டுப் போனதைச் சொல்கிறாள் என்று சாலிஹ் நினைத்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

“நீ என்ன செய்வாய், முனவ்வறா. மகள்ட புள்ளைக்காகத்தானே போனாய்.”

“உங்களுக்குத் தெரியா. நான் பாவம் செஞ்சிட்டன். எப்படியாவது காப்பாத்துங்க. இப்பவே சுஜிந்தன்ட கொண்டு போங்க. அது செத்திரப்படாது.”

ஒரு த்ரீவீலர் பிடித்தார். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மெயின் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டி தளும்பி, உப்புத் தண்ணீரும் ஓரிரு கப்பியும் சாரனில் விழுந்தன. கப்பிகளைப் பொறுக்கித் திரும்பவும் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே போனார். சாரதி கண்ணாடியில் பார்த்தான்.

“மீனா காக்கா, மரமா?”

“பொண்சாதிட” என்றார் சாலிஹ்.

பாண்டிருப்பில் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்த சுஜிந்தன், ஈரச் சாரனோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டான். பெட்டியை வாங்கி மேசையில் வைத்து மூடியைத் தூக்கினான். விரலை முக்கி நாக்கில் வைத்தான்.

“காக்கா, இது கடல்.”

அதற்கு மேல் சாலிஹால் மறைக்க முடியவில்லை. டெங்கு பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் திறந்த வாய் இன்னும் மூடாமல்தான் இருந்திருக்கும்போல. பசளையை நிறுத்தினது, மூடியைத் திறந்தது, போத்தலோடு கடலுக்கு இறங்கினது, எல்லாவற்றையும் சொன்னார். ஒரு நிமிடம் நாற்பது செக்கனையும் சொன்னார்.

“கண்டுக்குச் சுகமில்லாட்டித்தான் அவ கதைப்பா, தம்பி. நல்லாயிரிந்தா ‘வைக்கட்டா’ எண்டுதான் கேப்பா. எனக்கு அந்த வீட்டில தனிய இரிக்க ஏலாது. அதான் செஞ்சன். பெரிய வெக்கக்கேடு, ஆருக்கும் சொல்லிராதீங்க.”

சுஜிந்தன் சிரிக்கவில்லை. கண்டைக் கோப்பையோடு தூக்கி, வேரை நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசினான். புதுத் தண்ணீரில் வைத்தான். கப்பிகளை ஒரு வாளிக்கு மாற்றினான். வாடின இலைகளைக் கத்தரித்தான். எல்லாவற்றையும் தேவைக்கு மேல் மெதுவாகச் செய்தான். என்னவோ யோசித்துக்கொண்டு செய்கிறான் என்று தெரிந்தது.

“வேர் வெள்ளையாத்தான் இருக்கு. தப்பீரும்” என்றான் கடைசியில்.

சாலிஹ் மூச்சு விட்டார். “அப்ப பசளை ஒரு பக்கட்டுத் தாங்க. இனி ஒழுங்கா கிழமைக்கு ஒரு கரண்டி. அல்லாஹ் மேல ஆணையா.”

சுஜிந்தன் மேசை லாச்சியைத் திறந்து இரண்டு பக்கட்டுகளை எடுத்தான். இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். ஒன்றில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மற்றதில் பேனையால் ‘முனவ்வறா அக்கா’ என்று எழுதியிருந்தது.

“இதில எது வேணும் காக்கா?”

“ரெண்டும் ஒண்டுதானே?”

“இல்ல” என்றான் சுஜிந்தன். “எழுதாதது முழுப் பசளை. மத்தது அரைவாசி பசளை, அரைவாசி வெறும் மாப்பொடி. ‘கண்டு நல்லாயிருந்தா அந்த மனிசன் நல்லம் எண்டு ஒரு சொல்லோட போன வெச்சிருவார், கொஞ்சம் வாடினாத்தான் தம்பி என்னோட கதைப்பார்’ எண்டு முதல் நாளிலேயே அக்கா அழுதழுது சொல்லித்தான் இத நான் கலந்து தாறன்.”